இருதயத்துக்கு நடை காட்டும் கருவி



"நெஞ்சிலே ஒரு பெட்டியை வைத்துத் தைத்துவிட்டார்களாமே! அந்தப் பெட்டி நின்றுவிட்டால் ஆளும் நின்றுவிடுமோ?" இவ்வினாவை நெடுந்தீவுக்குச் செல்லும் படகிலும் கேட்கலாம், ஊர்காவற்றுறைச் சந்தையிலும் கேட்கலாம். கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றார். ஆயினும், கருவியைத் தாங்கியவரின் உள்ளத்தில் அது ஓர் அச்சத்தை விதைத்துவிடுகின்றது. அவ்வச்சம் சிலரை வீட்டு மூலையிலே முடக்கிவிடுகின்றது. வேறு சிலரோ, "எல்லாம் சரியாகிவிட்டது, இனி வைத்தியசாலை எதற்கு?" என்று மறுதலையாக எண்ணி, பரிசோதனைக்குச் செல்வதையே விட்டுவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் ஒரே காரணத்தினாற் பிறப்பவை. நம் உடலிலே வைக்கப்பட்ட பொருள் யாது, அது யாது செய்கின்றது என்பதை நாம் அறியாமையே அக்காரணம்.

நான் வைத்தியனல்லன், கலைப் பட்டதாரி. முப்பதாண்டுக் காலம் தமிழும் வரலாறும் கற்பித்து, இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவன். சில மாதங்களுக்கு முன்னர் இக்கருவி எனக்கும் பொருத்தப்பட்டது. அதன் பின்னர், வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்துகொண்டவற்றை, என்னைப் போன்ற புது நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பயன்படுமாறு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். வைத்தியசாலையிலே இதனைப் 'பேஸ்மேக்கர்' என்பர். நடையின் வேகத்தை வகுத்துக் கொடுப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். தமிழிலே 'இதயமுடுக்கி' என்னும் பெயர் வழங்குகின்றது. முடுக்கி என்றவுடன், ஓயாது விரட்டிக்கொண்டேயிருக்கும் பொறி ஒன்று நம் மனக்கண்முன் தோன்றும். உண்மையில் இது அத்தகையதன்று. இஃது இருதயத்தை விரட்டுவதில்லை. நடை தளரும்போது மட்டும் நடை காட்டுகின்றது. இக்கருத்தை மனத்திற் பதித்துக்கொண்டால் ஏனையவை எளிதில் விளங்கும்.

இருதயம் ஒரு தசைப் பை. அது நான்கு அறைகளையுடையது. மேலே உள்ள இரண்டும் சோணையறைகள். கீழே உள்ள இரண்டும் இதயவறைகள். மேலறைகள் குருதியை ஏற்றுக் கீழறைகளுக்கு அனுப்ப, கீழறைகள் அதனை நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரு நாளைக்கு அஃது ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்பாகின்றது. இத்தசைக்கு, "இப்பொழுது சுருங்குக" என்று கட்டளையிடுவது யார்? மூளையன்று. மூளையிலிருந்து வரும் நரம்புகள் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. ஆயினும் கட்டளை பிறப்பது இருதயத்தினுள்ளேயே. வலப்புறச் சோணையறையின் மேற்பகுதியிலே, குடாச்சோணைக்கணு என்னும் ஒரு சிறு திசுக்கூட்டம் உண்டு. அங்கிருந்தே ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நுண்ணிய மின்னலை புறப்படுகின்றது.

அந்த மின்னலை மேலறைகள் இரண்டிலும் பரவி, அவற்றைச் சுருங்கச் செய்கின்றது. அடுத்து அது கீழே செல்லவேண்டும். இங்கேதான் இயற்கை ஒரு வியப்பான ஏற்பாட்டைச் செய்திருக்கின்றது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்சாரம் கடக்கவியலாத நார்ச்சுவர் ஒன்று உள்ளது. அதனைக் கடப்பதற்கு வழி ஒன்றே ஒன்று. தீவக மக்களாகிய நமக்கு இதனை விளக்குதல் கடினமன்று. யாழ்ப்பாண நகரிலிருந்து வேலணைக்கு வருவதற்குப் பண்ணைத் தாம்போதி இருக்கின்றது. காரைநகருக்குச் செல்வதற்குப் பொன்னாலைத் தாம்போதி இருக்கின்றது. இருபுறமும் கடல்; நடுவே ஒரு வீதி. இருதயத்தினுள்ளும் அத்தகைய ஒரு தாம்போதி உண்டு. அதன் தலைவாயிலிலே உள்ளது சோணை இதயவறைக்கணு. அங்கே மின்னலை ஒரு செக்கனின் பத்திலொரு பங்களவு தாமதிக்கின்றது. மேலறைகள் தம் குருதியைக் கீழே முற்றாக இறக்குவதற்கு அத்தாமதம் வேண்டியதே. பின்னர் அது விரைந்து இறங்கி, கீழறைகளெங்கும் பரவ, அவை ஒருங்கே சுருங்குகின்றன. அச்சுருக்கமே நம் மணிக்கட்டிலே நாடியாகத் தெரிகின்றது.

இவ்வமைப்பிலே பழுது இரண்டு வகையாக நேரலாம். கட்டளை பிறக்கும் இடமே சோர்ந்துபோதல் ஒன்று. கட்டளை பிறந்தும், தாம்போதி பழுதுற்றமையாற் கீழே சென்று சேராமை மற்றொன்று. வயது முதிர முதிர அத்திசுக்கள் நார்ப்பற்றி இறுகுவதனாலே இப்பழுதுகள் பெரும்பாலும் உண்டாகின்றன. மாரடைப்பு, இருதயத் தசையின் அழற்சி, சிலவகை மருந்துகள், இருதயத்திற் செய்யப்படும் சத்திரசிகிச்சை ஆகியனவும் காரணமாகலாம். தாம்போதி முற்றாக அடைபட்டுப்போனாலும் கீழறைகள் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. தாமாகவே ஒரு மந்த நடையை மேற்கொள்கின்றன. நிமிடத்துக்கு 20 முதல் 40 வரையான துடிப்பே அந்நடை. உயிரைத் தாங்க அது சிறிது காலம் போதும்; உலாவவும் உழைக்கவும் போதாது. ஆகவே தலை சுற்றும், கண் இருளும், சிறிது தூரம் நடந்தாலும் மூச்சு வாங்கும், சில வேளைகளிலே மனிதர் திடீரென மயங்கி விழுந்துவிடுவர்.

நேயர்களே, இவ்விடத்திலே ஒன்றை அழுத்திக் கூறவேண்டியிருக்கின்றது. நம் ஊர்களிலே முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தால், "வயது போய்விட்டது; வெயில் தாங்கவில்லை; பித்தம்" என்று கூறி, முகத்திலே நீர் தெளித்து, தேநீர் கொடுத்து, அதனோடு விட்டுவிடுவது வழக்கம். காரணமின்றி மயங்கி விழுந்தவர் தாமே எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று மின்னிதயவரைபு எடுக்கவேண்டும். 'ஈசீஜீ' என்று நாம் கூறும் அப்பரிசோதனை நோவற்றது. சில நிமிடங்களில் முடிவது. இன்றைய மயக்கம் கரையிலே நேர்ந்தது. நாளைய மயக்கம் வள்ளத்திலோ கிணற்றடியிலோ நேரலாம்.

இன்னொரு மயக்கத்தையும், அஃதாவது சொல்லிலே உள்ள மயக்கத்தையும், நீக்கவேண்டும். "இருதயத்திலே புளொக்" என்று நம்மவர் பொதுவாகக் கூறுவர். இவ்வொரு சொல்லால் இரண்டு வெவ்வேறு நோய்கள் குறிக்கப்படுகின்றன. இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்களிலே கொழுப்புப் படிந்து அடைபடுவது ஒன்று. அதற்குக் குழாயை விரித்து 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழல் வைப்பர், அல்லது மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்வர். நாம் இப்பொழுது பேசுவதோ மின்னலையின் வழி அடைபடுவது. முன்னையது நீர் வாய்க்கால் தூர்ந்தது போன்றது. பின்னையது தந்திக்கம்பி அறுந்தது போன்றது. இதயமுடுக்கி இரண்டாவதற்கே மருந்து. அது குழாயடைப்பை நீக்காது, குருதியமுக்கத்தைக் குறைக்காது, நீரிழிவை மாற்றாது. ஆதலின், முன்னர் உட்கொண்டுவந்த குளிசைகளை, கருவி வைத்தாயிற்றென்று எவரும் தாமாக நிறுத்திவிடலாகாது.

இனிக் கருவியின் அமைப்பைக் காண்போம். அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான ஒரு சிறு பேழை. அதன் நிறை பொதுவாக 20 கிராமுக்கும் 50 கிராமுக்கும் இடைப்பட்டது. அதனுள்ளே ஓர் இலிதியம் மின்கலமும், நுண்ணிய மின்சுற்றும் இருக்கின்றன. மற்றொன்று, காப்பிட்ட மெல்லிய கம்பி. நோயின் தன்மைக்கேற்ப ஒரு கம்பியோ இரண்டு கம்பிகளோ வைப்பர். பலருக்கு நெஞ்சைப் பிளக்கவேண்டியதில்லை. காறையெலும்புக்குக் கீழே தோலை மட்டும் மரக்கச் செய்து, சிறிதளவு வெட்டி, அங்குள்ள நாளத்தின் வழியாகக் கம்பியைச் செலுத்துவர். கதிர்ப்படத் திரையிலே பார்த்துக்கொண்டே அதன் நுனியை இருதயத்தின் வலப்புற அறையினுள்ளே சேர்த்துப் பொருத்துவர். பின்னர்ப் பேழையைத் தோலின் கீழே வைத்துத் தைத்துவிடுவர். நோயாளர் விழித்தபடியே இருக்கலாம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திலே எல்லாம் நிறைவுறும். அண்மைக் காலத்திலே, கம்பியே இல்லாது குளிசைக் கூட்டைப் போன்ற வடிவிலே இருதயத்தினுள் நேராக வைக்கப்படும் சிறு கருவிகளும் வந்துள்ளன. ஆயினும், கம்பியுடைய கருவியே இன்றும் பெருவழக்கு.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கின்றது? பாடசாலை மணியை எடுத்துக்கொள்வோம். பாடம் மாறும் நேரத்திலே மணி அடிப்பதற்கு ஓர் ஊழியர் இருக்கின்றார். அவர் மூப்பினாற் சில வேளை அயர்ந்துவிடுகின்றார். அவரை நீக்கிவிட நமக்கு மனமில்லை. எனவே, கடிகாரத்தோடு ஒரு மாணவனை அருகிலே இருத்தி, "தம்பி, உரிய நேரத்தில் ஐயா மணி அடித்தால் நீ வாளாவிரு. அடிக்காவிட்டால் மட்டும் நீ அடி" என்று கூறிவைக்கின்றோம். மணி ஒலித்தவுடன், அதை அடித்தவர் எவராயினும், மாணவன் மீண்டும் தொடக்கத்திலிருந்து நேரத்தை எண்ணுகின்றான். இதயமுடுக்கி செய்வதும் இதுவே. நிமிடத்துக்கு 60 துடிப்பிற் குறையலாகாது என்று வைத்தியர் அதனுள் அமைத்துவைத்தால், ஒவ்வொரு துடிப்பின் பின்னும் அஃது ஒரு செக்கன் காத்திருக்கும். அதற்குள் இருதயம் தானாகவே துடித்துவிட்டால், கருவி ஒன்றும் செய்யாது. எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கும். ஒரு செக்கன் கழிந்தும் துடிப்பு வரவில்லையெனின், கம்பியின் வழியே ஒரு சிறு மின்தூண்டலை அனுப்பும்.

அத்தூண்டல் மிகச் சிறியது. சாதாரணக் கைவிளக்கிலே இடும் மின்கலங்கள் ஒன்றிரண்டு தரும் அழுத்தமே அதனுடையது. அது நீடிக்கும் நேரமோ ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. நோயாளருக்கு அது தெரிவதேயில்லை. கருவி துடிப்பதில்லை என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும். துடிப்பது இருதயத் தசையே. கருவி தருவது அதற்குரிய குறிப்பு மட்டுமே.

இரண்டு கம்பியுடைய கருவி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. ஒரு கம்பி மேலறையிலும் மற்றொன்று கீழறையிலும் இருக்கும். மேலறையிலே கட்டளை பிறந்ததை முதற் கம்பி உணர்கின்றது. கருவி, இயற்கையான தாமதத்தை ஒத்த ஒரு சிறு பொழுது காத்திருந்து, கீழறை சுருங்காவிட்டால் இரண்டாவது கம்பியினாலே அதனைத் தூண்டுகின்றது. தாம்போதி உடைந்துவிட்ட காலத்திலே, இக்கரையின் செய்தியை அக்கரைக்குக் கொண்டு செல்லும் தோணியைப் போல அது பணிபுரிகின்றது. பல கருவிகளிலே உடல் அசைவை உணரும் நுண்பொறியும் உண்டு. நாம் விரைந்து நடக்கும்போது அது துடிப்பின் வேகத்தைக் கூட்டும். இருந்து இளைப்பாறும்போது குறைக்கும்.

இக்கருவியோடு மயங்கத்தக்க வேறொரு கருவியும் உண்டு. சிலருக்கு இருதயம் மந்தமாவதற்குப் பதிலாக, திடீரென மிதமிஞ்சிய வேகத்திலே ஒழுங்கின்றி நடுங்கி, உயிருக்கே இடர் விளைக்கும். அத்தகையோருக்கு வலிய மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்கை மீட்கும் கருவி வைக்கப்படுகின்றது. 1980ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அது முதன்முதல் மனிதருக்கு வைக்கப்பட்டது. அதனுடைய அதிர்ச்சி உடலுக்குத் தெரியும். நமக்கு வைக்கப்பட்டது எது என்பதைப் புது நோயாளர் ஒவ்வொருவரும் வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

இக்கருவியின் வரலாறு சுருக்கமானது. ஆயினும் நமக்குத் தேவையானது. 1932இல், நியூயோர்க்கைச் சேர்ந்த அல்பேட் ஹைமன் என்னும் வைத்தியர், கையாற் சுழற்றி முறுக்கேற்றும் ஒரு தூண்டற் பொறியைப் பற்றி எழுதினார். பிற்காலத்தில் வந்த கருவிகளோ சுவர் மின்சாரத்திலே தங்கியிருந்தன. நோயாளர் மின்வடத்தின் நீளத்துக்கு அப்பாற் செல்ல இயலாது. மின்சாரம் தடைப்பட்டால் இடர். அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரிலே ஏள் பக்கன் என்னும் பொறியியலாளர், 1957இல், மின்கலத்தால் இயங்கி உடலின் வெளியே அணியத்தக்க ஒரு சிறு கருவியைச் செய்தார். மறு ஆண்டு, 1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டு ஸ்ரொக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா வைத்தியசாலையிலே, உடலினுள் முழுமையாக வைக்கப்பட்ட முதற் கருவி மனிதர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதனை ஆக்கியவர் ரூனே எல்ம்குவிஸ்ற் என்னும் பொறியியலாளர். பொருத்தியவர் ஓகே செனிங் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர். ஏற்றவர் ஆனே லார்சன்.

லார்சனுக்கு அப்பொழுது வயது 43. தொற்றுநோய் ஒன்றின் பின்விளைவாக அவருடைய இருதயத்தின் தாம்போதி முற்றாக அடைபட்டிருந்தது. நாளொன்றுக்குப் பலமுறை மயங்கி விழுந்தார். அவருடைய மனைவியார், இன்னும் நிறைவுறாத அக்கருவியை எப்படியாயினும் தம் கணவருக்கு வைக்குமாறு அவ்விருவரையும் விடாது வேண்டினார். வைக்கப்பட்ட முதற் கருவி சில மணி நேரத்திலேயே ஓய்ந்தது. மற்றொன்று வைக்கப்பட்டது. அதன் பின்னும் அவர் தம் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை கருவி மாற்றிக்கொண்டார். அவர் மறைந்தது 2001ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். அப்பொழுது அவருக்கு வயது 86. காரணம் இருதய நோயன்று, புற்றுநோய். கருவியை ஆக்கிய பொறியியலாளர் 1996இலும், பொருத்திய வைத்தியர் 2000இலும் காலமாகிவிட்டனர். கருவியைத் தாங்கியவரோ அவ்விருவருக்கும் பின்னும் வாழ்ந்திருந்தார்.

"பெட்டி நின்றுவிட்டால் ஆளும் நின்றுவிடுமோ?" என்னும் வினாவுக்கு விடை இவ்வரலாற்றிலேயே இருக்கின்றது. கருவிக்கு முடிவு உண்டு. அம்முடிவு மனிதருக்கும் முடிவாகவேண்டுமென்பதில்லை. தொடக்க காலத்து மின்கலங்கள் ஓரிரு ஆண்டிலே சோர்ந்தன. 1972இல் இலிதியம் மின்கலம் வந்தபின் நிலைமை மாறிற்று. இன்றைய கருவியொன்று, அது செய்யவேண்டிய வேலையின் அளவைப் பொறுத்து, ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை உழைக்கும். மின்கலம் தளரத் தொடங்கினால் அது திடீரென அவிந்துபோவதில்லை. மாற்றவேண்டிய காலம் அண்மிக்கின்றது என்பதைப் பரிசோதனையின்போது சில மாதங்களுக்கு முன்னரே காட்டிவிடும். அப்பொழுது பேழையை மட்டும் மாற்றுவர். கம்பிகள் நல்ல நிலையில் இருப்பின் அவை அப்படியே இருக்கும்.

ஆனால், நேயர்களே, கருவி கூறும் எச்சரிக்கையைக் கேட்பதற்கு நாம் அங்கே செல்லவேண்டுமன்றோ? சிலருடைய இருதயத்திலே சொந்த நடை இன்னும் ஓரளவு எஞ்சியிருக்கும். வேறு சிலரோ ஒவ்வொரு துடிப்புக்கும் கருவியையே முற்றாக நம்பியிருப்பர். தாம் எவ்வகையினர் என்பது நோயாளருக்குத் தாமாகத் தெரியாது. பரிசோதனையிலே, நெஞ்சின் மேல் ஒரு சிறு வாசிப்புக் கருவியை வைத்து, மின்கலத்தின் நிலை, கம்பியின் நிலை, கடந்த மாதங்களிலே இருதயம் எவ்வாறு நடந்தது ஆகிய யாவற்றையும் கணினித் திரையிலே படித்துவிடுகின்றனர். வெட்டவேண்டியதில்லை, ஊசியும் இல்லை. முதற் பரிசோதனை சில வாரங்களிலும், பின்னர் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறையும் இடம்பெறுவது பொது வழக்கம்.

நகரத்தவருக்கு இஃது எளிது. நெடுந்தீவிலே உள்ள ஒருவருக்கோ, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம்; அதன்பின் யாழ்ப்பாணம் வரை பேருந்து. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் கடலைக் கடந்தே ஆகவேண்டும். சோழகம் கனத்து வீசும் மாதங்களிலும், வாடைக் காற்றும் மழையும் கூடிய கார்த்திகை, மார்கழியிலும் கடல் நம் விருப்பத்துக்கு இணங்குவதில்லை. ஆகவே ஓர் யோசனை கூறுவேன். பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, "நான் தீவிலிருந்து வருபவன்" என்று முதலிலேயே கூறிவிடுங்கள். பங்குனி, சித்திரை போன்ற கடல் அடங்கிய மாதங்களிலே நாள் தருமாறு கேளுங்கள். குறித்த நாளிலே படகு ஓடாவிட்டால், அந்த நாளை அப்படியே மறந்துவிடாது, அடுத்த நாளைக் கேட்டுப் பெறுங்கள். வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்துவிடுதல் நன்று.

புது நோயாளர் கடைப்பிடிக்கவேண்டியவற்றை இனிச் சுருக்கமாகக் கூறுகின்றேன். கருவி வைத்த பக்கத்துக் கையை முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குத் தோளுக்கு மேலே உயர்த்தலாகாது, பாரம் தூக்கலாகாது. கம்பியின் நுனி இருதயச் சுவரிலே உறுதியாகப் பற்றிக்கொள்வதற்கு அக்காலம் தேவை. துலாக்கிணற்றிலே நீர் இறைத்தல், நங்கூரம் இழுத்தல், வலை வலித்தல், தேர் வடம் பிடித்தல் ஆகியவற்றை அதுவரை ஒத்திவைக்கவேண்டும். ஆயினும், கையை அசையாது கட்டிவைத்தலும் தவறு. தோள் மூட்டு இறுகிவிடும். அளவாக அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். தையலிட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, நீர் அல்லது சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வீட்டு வைத்தியம் பாராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஆறியபின், வைத்தியர் இசைவு தந்தால், கமத்துக்கும் கடலுக்கும் திரும்பலாம். காவடி எடுப்போர் அதன் தண்டு கருவியின் மேல் அழுந்தாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும். சங்குக்கும் கடலட்டைக்கும் ஆழத்திலே மூழ்குவோர், நீரின் அழுத்தத்தைக் கருவி எவ்வளவு தாங்கும் என்பதை வைத்தியரிடம் கேட்டறியாமல் மூழ்கலாகாது.

மின்சாரப் பொருள்களைப் பற்றிய அச்சம் நம்மவரிடையே மிகுதி. வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, மின்னழுத்தி ஆகியவற்றால் இடரில்லை. இந்தப் பேச்சை வானொலி அருகிலே இருந்து அச்சமின்றிக் கேட்கலாம். கைத்தொலைபேசியை மட்டும் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு அப்பால் வைத்திருங்கள். மறுபக்கத்துக் காதிலே வைத்துப் பேசுங்கள். சட்டையின் மேற்பையிலே இடாதீர்கள். வலிய காந்தங்களை நெஞ்சருகே கொண்டு வராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் படகு இயந்திரத்தின் மேலே குனிந்து நெஞ்சைச் சாய்த்து நிற்காதீர்கள். ஒரு கை நீளம் விலகியிருங்கள். மின்னால் உலோகம் ஒட்டும் தொழில் செய்வோர் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே அதனைத் தொடரவேண்டும். எந்த வைத்தியரிடம் சென்றாலும், பல் வைத்தியரிடம் சென்றாலும், கருவி இருப்பதை முதலிற் கூறவேண்டும். சாதாரணக் கதிர்ப்படத்தால் தீங்கில்லை. காந்தப் படப் பரிசோதனைக்கு மட்டும் கருவியின் வகையை அறிந்தே அனுமதிப்பர். அதற்காகவே ஓர் அட்டை தரப்படுகின்றது. கருவியின் வகையும் வைத்த நாளும் அதில் இருக்கும். உவர்நீர் படாதவாறு அதனைப் பொலித்தீன் உறையிலிட்டு, கடல் கடக்கும்போதெல்லாம் உடன் வைத்திருங்கள்.

நாடி பார்த்தல் நம் முன்னோர் போற்றிய கலை. மூன்று விரல் வைத்து வாத பித்த கபம் அறிந்தார்கள். நாம் அவ்வளவு கற்கவேண்டியதில்லை. காலையிலே அமைதியாக இருந்து, மணிக்கட்டிலே விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினாற் போதும். கருவிக்கு அமைத்த கீழெல்லை எண்ணை வைத்தியரிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். நாடி அவ்வெண்ணிற் பெரிதும் குறைந்தாலோ, பழைய தலைசுற்றலும் மயக்கமும் மீண்டாலோ, விக்கல் ஓயாது தொடர்ந்தாலோ, காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் அரசினர் வைத்தியசாலைகள் உள்ளன. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலே இருதய நோய்க்கெனத் தனிப் பிரிவு உண்டு. முதலில் அருகிலுள்ள இடத்துக்குச் செல்லுங்கள். மேலே அனுப்பவேண்டுமா என்பதை அங்குள்ள வைத்தியர் தீர்மானிப்பார்.

பேசத் தயங்கும் ஒரு பொருளையும் பேசியே ஆகவேண்டும். "இக்கருவி இருந்தால் முதுமையிலே உயிர் எளிதாகப் பிரியாதாமே" என்று சிலர் அஞ்சுகின்றனர். அஃது உண்மையன்று. கருவி குறிப்புத் தரலாம். ஆனால், குறிப்பை ஏற்பதற்கு உயிருள்ள தசை வேண்டும். உடல் தன் இறுதியை அடையும்போது தசை அக்குறிப்புக்கு இணங்குவதில்லை. மணி அடிக்கலாம், பாடசாலையிலே பிள்ளைகள் இல்லையென்றால் வகுப்பு நடப்பதில்லை. நீண்ட வாழ்வின் முடிவிலே வரும் அமைதியை இக்கருவி குலைப்பதில்லை. தகனம் செய்யும் வழக்கமுள்ள குடும்பத்தார் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். மின்கலம் நெருப்பிலே வெடிக்குமாதலால், தகனத்துக்கு முன்னர்க் கருவியை வைத்தியசாலையிலே அகற்றுவித்தல் அவசியம். இதனை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தலில் அமங்கலம் ஒன்றுமில்லை.

நேயர்களே, அயலிலே ஒருவருக்கு இக்கருவி வைக்கப்பட்டிருந்தால், அவரிடம், "பெட்டி நின்றால் என்ன செய்வீர்?" என்று கேளாதீர்கள். "அடுத்த பரிசோதனை எப்பொழுது? கூட வர ஆள் இருக்கின்றதா?" என்று கேளுங்கள். அவ்விரண்டாவது வினாவே அவருடைய இருதயத்துக்கு நலம் தரும்.